9,000 ரூபாய்க்குப் பழைய பேஸ் கிட்டார்: போனது நெக்கா, செட்டப்பா?

திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது, சர்ச்சில் வாசிக்க ஒரு பேஸ் கிட்டார் வேண்டும். தெரிந்தவர் ஒருவர், ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாதிரியில் செய்த பழைய நான்கு ஸ்ட்ரிங் பேஸ் ஒன்றை 9,000-க்குத் தருகிறாராம். ஆனால் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த கம்பி) விட்டு ரொம்ப உயரத்தில் நிற்கிறது, விரல் வலிக்கிறது. 12-ஆம் ஃப்ரெட்டைத் தாண்டினால் சுருதி சேரவில்லை. ஆம்பில் செருகினால் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. கடைக்காரர் ஒருவர் "நெக் போச்சு, புதுசா வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். பழையதை வாங்கி பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் உலோகப் பகுதி) எல்லாம் மாற்றிக்கொள்ளலாமா, இல்லை புதிதே வாங்குவதா என்பது கேள்வி.

சரி, முதலில் பதில், அப்புறம் விளக்கம். ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் உலோகக் கம்பி) வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் அதையே வாங்குங்கள், 1,000 ரூபாய் குறைத்துக் கேட்டு. பிக்கப்பையும் பிரிட்ஜையும் மாற்றும் யோசனையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே குறைதான். ஸ்ட்ரிங் உயரத்தில் இருந்தால் அதை ஃப்ரெட் வரை அமுக்கிக் கொண்டுபோவதற்குள் அது இழுபட்டுவிடுகிறது. இழுபட்ட ஸ்ட்ரிங் சுருதி ஏறித்தான் ஒலிக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் இடைவெளி இன்னும் அதிகம், பிசகும் அதிகம். உயரத்தைக் குறைத்தாலே சுருதிப் பிரச்சினையில் பாதி போய்விடும்.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அதனால்தானோ என்னவோ, 1951-இல் அவர் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது எது கெட்டாலும் ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றுகிற மாதிரியே செய்தார். நெக் கூட நான்கு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸும் அதே வழிதான். உங்கள் கண்ணில் பட்டிருக்கும் காப்பிக்கும் அந்தக் குணம் வந்திருக்கும். பாட் (வால்யூம், டோனைத் திருகும் குமிழ்), ஜாக் (கேபிள் செருகும் துளை), பிரிட்ஜ், ட்யூனிங் கீ எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெக்கையும் மாற்றலாம்தான், ஆனால் நல்ல நெக் ஒன்றின் விலைக்கு இந்த பேஸையே இன்னொரு தடவை வாங்கிவிடலாம். அதனால் பார்க்கப் போகும்போது உங்கள் கண் முழுக்க நெக் மேலேயே இருக்கட்டும்.

போகும்போது 4 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர், 3/16 அங்குலம் என்று மூன்று ஆலன் கீ பையில் இருக்கட்டும். பேஸைத் தூக்கி, ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீ இருக்கும் தலைப்பகுதி) பக்கம் கண்ணை வைத்து, துப்பாக்கி குறிபார்ப்பது போல நெக்கின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். முன்பக்கம் லேசாக வில் போல வளைந்திருந்தால் கவலை வேண்டாம், அதைச் சரிசெய்யத்தான் உள்ளே ட்ரஸ் ராட் இருக்கிறது. ஒரு ஓரம் நேராகவும் இன்னொன்று வளைந்தும், நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள். அதை ராட் சரிசெய்யாது. ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேரும் இடத்தில் மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அப்புறம் விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, ட்ரஸ் ராட் நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக, ஆனால் சீராக நகர்ந்தால் நல்ல ராட். கீ வழுக்கினாலும், நட் ஏற்கெனவே கடைசி வரை இறுகி நின்றாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று கீ எதற்கு என்றால், அது நான் பட்ட அடி. என் முதல் பேஸில் இருந்தது 5 மில்லிமீட்டர் நட். என்னிடம் இருந்தது 3/16 அங்குல கீ, அதாவது 4.76 மில்லிமீட்டர். உள்ளே போனது, நட்டைத் திருப்பவும் செய்தது, நான்காவது தடவை நட்டின் உள்முனைகள் வழித்துக்கொண்டு போயின. அந்த நெக்கைக் கடைசிவரை யாராலும் சரிசெய்ய முடியவில்லை. கால் மில்லிமீட்டர் வித்தியாசம்தான்.

ஜி ஸ்ட்ரிங்கில் 5-ஆம், 6-ஆம், 7-ஆம் ஃப்ரெட்டுகளில் ஏதோ ஒன்றில் நோட் சட்டென்று செத்துப்போனால் பயந்துவிடாதீர்கள். ஃபெண்டர் வகை நெக்குகளில் அந்த இடம் அப்படித்தான், லட்ச ரூபாய் பேஸிலும் இருக்கும். பாட்டைத் திருகும்போது ‘கரகர’ சத்தம் வந்தாலும் பரவாயில்லை, காண்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரேயில் தீரும். பாடி என்ன மரம் என்று அரைமணி நேரம் பேசுகிறவர்களிடம் தலையாட்டிவிட்டு, தோளில் பத்து நிமிடம் மாட்டி நின்று பாருங்கள். எடையும், ஹெட்ஸ்டாக் கீழே சாய்கிறதா என்பதும்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்போது உங்கள் முதுகுக்குத் தெரியப்போகிறவை.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் செலவு ஒரு செட் ஸ்ட்ரிங். மற்ற எல்லா அளவும் ஸ்ட்ரிங்கைப் பொறுத்தது, துருப்பிடித்த பழைய ஸ்ட்ரிங்கில் சுருதியும் நிற்காது. 45-லிருந்து 100 அல்லது 105 வரையிலான நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங்) செட் எடுங்கள். இந்த எண்கள் ஸ்ட்ரிங்கின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். நான்கும் சேர்ந்து நெக்கை இழுக்கும் இழுவை 80 கிலோவை ஒட்டி வரும், அதாவது மூன்று 25 கிலோ அரிசி மூட்டைக்கு மேலேயே. இதைத் தாங்கி நிற்கிற மரத்துண்டு லேசாக வளைவதில் ஆச்சரியம் இல்லை. மாற்றும்போது நான்கையும் ஒரே சமயத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் நெக்குக்கும் அதிர்ச்சி இல்லை, உங்களுக்கும் குழப்பம் இல்லை. ட்யூனிங் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்று வரும்படி நீளம் விட்டு, வெட்டும் இடத்துக்கு முன்னால் ஸ்ட்ரிங்கை மடக்கிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்ளே அவிழ்ந்து, புது ஸ்ட்ரிங் முதல் நாளே செத்த மாதிரி ஒலிக்கும்.

இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்த்துவிட்டு நெக்கின் வளைவைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இ ஸ்ட்ரிங்கை ஒரு விரலால் அமுக்குங்கள். இப்போது அந்த ஸ்ட்ரிங்கே ஒரு நேர்கோட்டு அளவுகோல். 8-ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அளக்க, டூவீலர் மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபில்லர் கேஜ் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் போதும், ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். மூன்று சிறு துண்டு வெட்டி அடுக்கி உள்ளே விடுங்கள். ஸ்ட்ரிங்கை அசைக்காமல் உரசிக்கொண்டு போனால் சரி. ஆறு ஏழு தாள் தாராளமாகப் போகிறது என்றால், கடைக்காரர் ‘நெக் போச்சு’ என்றது அந்த வளைவைப் பார்த்துத்தான் இருக்கும்.

இந்த இடைவெளி ஏன் வேண்டும் என்றால், அதிரும் ஸ்ட்ரிங் நடுவில்தான் அகலமாக ஆடுகிறது. நெக் பலகை போல நேராக இருந்தால் அந்த ஆட்டம் ஃப்ரெட்டில் அடிபட்டு ‘ஜர்ர்’ என்று இரையும். இடைவெளி அதிகமானால் ட்ரஸ் ராட் நட்டைக் கடிகாரம் சுற்றும் பக்கமாக இறுக்குங்கள், குறைவானால் எதிர்ப்பக்கமாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்கும் முன் ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, பிறகு திரும்பச் சுருதி சேர்த்து அளங்கள். ஒரு கால் சுற்று இறுக்கியபின் இரவு அப்படியே விட்டுவிடுவது என் பழக்கம். மரம் நிதானமாகத்தான் அசையும், காலையில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும்.

அடுத்து நட். ட்ரஸ் ராட் நட் இல்லை, ஹெட்ஸ்டாக் பக்கம் ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் உட்காரும் சின்னப் பட்டை. மூன்றாம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அமுக்கிக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தால் போதும். விலை குறைந்த பேஸ்களில் பெரும்பாலும் இங்கே கணிசமான இடைவெளி இருக்கும், முதல் மூன்று ஃப்ரெட்டில் விரல் வலிக்கக் காரணம் அதுதான். பள்ளத்தை ஸ்ட்ரிங்கின் தடிமனுக்கு ஏற்ற மெல்லிய அரத்தால் துளித்துளியாக ஆழப்படுத்த வேண்டும். தப்பித்தவறி அதிகம் ராவிவிட்டால் சமையலறைக்குப் போங்கள். ஆப்பச் சோடாவைப் பள்ளத்தில் ஒரு சிட்டிகை வைத்து, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் நொடியில் கல்லாகிவிடும், திரும்ப ராவிக்கொள்ளலாம். கிட்டார் ரிப்பேர் செய்பவர்களே செய்கிற வேலைதான் இது.

இப்போதுதான் பிரிட்ஜில் கை வைக்க வேண்டும். பலர் முதலிலேயே சாடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் சின்னத் துண்டு) இறக்கிவிட்டு, ஸ்ட்ரிங் இரைகிறது என்று புலம்புவார்கள். 17-ஆம் ஃப்ரெட்டில் இ ஸ்ட்ரிங் 2.4 மில்லிமீட்டர், ஜி ஸ்ட்ரிங் 2 மில்லிமீட்டர் என்பது ஃபெண்டர் வகைக்கு நல்ல தொடக்க அளவு. மூன்று ஏடிஎம் கார்டை அடுக்கினால் 2.3 மில்லிமீட்டர் வரும், எழுத்து புடைக்காத கார்டாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சாடிலிலும் இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களை, பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீயால், இரண்டு பக்கமும் சமமாக இறக்குங்கள். முழுக்க இறக்கியும் உயரம் குறையவில்லை என்றால் நெக் உட்காரும் கோணம் சரியில்லை. நெக்கைக் கழற்றி, பாடிக் குழியின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் விசிட்டிங் கார்டிலிருந்து விரல் அகலத் துண்டு ஒன்றை வைத்துத் திரும்ப முடுக்குங்கள். பார்க்கக் கேவலமாகத் தோன்றினாலும் பழைய ஃபெண்டர்களின் நெக் குழியைத் திறந்தால் தொழிற்சாலையிலேயே வைத்த இப்படிப்பட்ட துண்டுகள் கிடைக்கும்.

மிச்சமிருக்கும் சுருதிப் பிசகுக்கு இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேரும்படி சாடிலை நகர்த்தி ஸ்ட்ரிங்கின் நீளத்தைச் சரிசெய்வது. 12-ஆம் ஃப்ரெட்டின் நேர் மேலே ஸ்ட்ரிங்கைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டி மணி போன்ற ஹார்மோனிக் ஒலியை எடுங்கள், பிறகு அதே இடத்தில் அமுக்கி வாசியுங்கள். போனில் ட்யூனர் ஆப் போதும். அமுக்கிய நோட் ஏறியிருந்தால் சாடிலை பின்னால் இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பச் சுருதி சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். முடிந்ததும் நான்கு சாடிலும் படிக்கட்டு மாதிரி சாய்ந்து நிற்கும், இ ஸ்ட்ரிங்கின் சாடில் எல்லாவற்றுக்கும் பின்னால். அப்படி நிற்காவிட்டால் எங்கோ தப்பு.

பிக்கப் உயரத்தைக் கடைசியில் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கொண்டு அளந்தால் இ பக்கம் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2.5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கலாம். சத்தம் அதிகம் வரட்டும் என்று பிக்கப்பை ஸ்ட்ரிங்குக்கு முட்ட ஏற்றிவிட்டால் காந்தம் ஸ்ட்ரிங்கையே இழுக்கும், நோட் தள்ளாடும். ‘இந்த பிக்கப் மட்டம்’ என்று மாற்றப்பட்ட பல பிக்கப்புகளின் குற்றம் இவ்வளவுதான்.

இரைச்சலுக்கு வருவோம். ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூம் பாட் இருக்கும். இரண்டையும் முழுக்கத் திறங்கள். இரைச்சல் அடங்குகிறதா? அப்படியென்றால் பேஸில் குறையே இல்லை. அதன் இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை, இரண்டும் சமமாகத் திறந்திருந்தால்தான் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அழிக்கும். ஒன்றைக் குறைத்தால் இரையத்தான் செய்யும். (பிரெசிஷன் பேஸில் 1957-லிருந்து இருக்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப்பில் இந்தத் தொல்லை கிடையாது. டியூப் லைட்டுக்குக் கீழே வாசிப்பவர்கள் அதை விரும்ப இதுவும் ஒரு காரணம்.) இரண்டும் திறந்தபோதும் இரைந்து, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைந்தால், பாடிக் குழிக்குள் காப்பர் டேப் ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தால் நன்றாகவே குறையும். ஜாக்கின் சிக்னல் முனை அந்த டேப்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் மொத்தமாக ஊமையாகிவிடும். ஸ்ட்ரிங்கைத் தொட்டாலும் மாற்றமே இல்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. அரைமணி நேர சால்டரிங் வேலை.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எர்த் இல்லாத ஆம்பில் பேஸை மாட்டிக்கொண்டு, ஸ்ட்ரிங்கைப் பிடித்தபடி மைக்கில் வாயை வைத்தால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். சர்ச் எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

மாற்றங்கள் செய்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் மலிவானதில் தொடங்குங்கள். டோன் பாட்டில் இருக்கும் கெபாசிட்டர் சில ரூபாய்தான். மேலே 473 என்று அச்சிட்டிருந்தால் அது 0.047 மைக்ரோஃபாரட், ஃபெண்டர் வழக்கமாகப் போடுவது. 104 போட்டால் டோனைக் குறைக்கும்போது சத்தம் இன்னும் இருளும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மட்டுமில்லை, உங்கள் ஊர் ரேடியோ ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். பாட் வாங்கும்போது கவனம் தேவை: ‘ஏ250கே’ என்று போட்டது வேண்டும், கடையில் பெரும்பாலும் ‘பி’ தான் தருவார்கள். ‘பி’ போட்டாலும் ஒலிக்கும், ஆனால் திருகும்போது வால்யூம் சீராக ஏறின மாதிரி காதுக்குத் தோன்றாது. பிக்கப்பே மாற்றினால், ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் நெக் பக்கத்ததைவிட 2, 3 மில்லிமீட்டர் நீளம் என்பதை நினைவில் வையுங்கள். காப்பிகளில் சிலசமயம் இரண்டும் ஒரே நீளமாக இருக்கும். அளக்காமல் ஆர்டர் போட்டுவிட்டு, பாடியை உளியால் செதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

80-களின் இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, புது ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங்கின் கம்பிச் சத்தம் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை விரல் தடிமனுக்கு வெட்டி பிரிட்ஜ் ஓரத்தில் ஸ்ட்ரிங்குக்கு அடியில் செருகிப் பாருங்கள். ‘தும் தும்’ என்று உருண்டு வரும். ஆரம்பகால ஃபெண்டர் பேஸ்களின் பிரிட்ஜ் மூடிக்குள்ளேயே இதற்கென்று ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனிப் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங்) போட்டு, லேசில் அதை மாற்றவே மாட்டார். ஃப்ளாட்வவுண்ட் விலை கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். அடுத்த செட்டுக்கு யோசியுங்கள்.

காசுக் கணக்கு: பேஸ் 8,000 அல்லது 9,000. ஸ்ட்ரிங் 2,000-ஐ ஒட்டி. ஆலன் கீ, அரம், காப்பர் டேப் எல்லாம் சேர்த்து 1,000. அகலமான ஸ்ட்ராப், பை, நல்ல கேபிள் ஒன்றுக்கு 2,500. மீதியில் வீட்டில் பழக ஒரு ஹெட்போன் ஆம்ப். சர்ச்சில் டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்சருக்குப் போய்விடலாம், பெரிய ஆம்புக்கு அவசரமில்லை. கிட்டார் ஆம்பில் பேஸை மெதுவாக வாசிக்கலாம், சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் கிழியும்.

ட்ரஸ் ராட் சோதனையில் அந்த பேஸ் தோற்றுவிட்டால் யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் வரிசை, ஸ்குயர் அஃபினிட்டி இவற்றில் ஒன்று பழையதாக வருகிறதா என்று காத்திருந்து பாருங்கள். கை சின்னது என்றால் 34 அங்குலத்துக்குப் பதில் 28.6 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங்கின் நீளம்) உள்ள ஐபனெஸ் மைக்ரோவும் இருக்கிறது. புதிதாகவே வாங்கினாலும் மேலே சொன்ன செட்டப் அத்தனையும் அதற்கும் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த பேஸ் வாசிக்கத் தயாராக இருப்பது அபூர்வம். பேட்டரி போடுகிற பேஸ் வாங்கினால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு தடவை, பங்குனி வெயிலில் ஒரு தடவை நெக் வளைவை அளந்து பாருங்கள், மரம் ஈரத்துக்கு ஏற்ப அசைந்திருக்கும். அந்த மூன்று தாள் துண்டையும் சரியான அளவு ஆலன் கீயையும் கிட்டார் பையின் முன் ஜிப்பிலேயே போட்டு வையுங்கள்.